ஷ்ருதி கோபாலசாமி எழுதாத செய்தி

இரண்டு வாரமாக ஷ்ருதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. துபாயில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை அலுவலகத்தில் ஜன்னலோர மேசை ஒன்றைக் காட்டி, இதுதான் உன் இடம் என்று உட்கார வைத்தார்கள். கூடவே, எதுவும் எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

அவள் இதழியல் கடைசி வருடம் படிக்கிறாள். ஆறு வாரம் ஒரு பத்திரிகையில் பயிற்சி முடித்து, தன் பெயரில் வந்த மூன்று செய்திகளைக் கல்லூரியில் காட்டினால்தான் இந்த வருடம் பட்டம். பிறந்த மூன்றாம் மாதம், துபாய்க்கு அருகிலுள்ள அஜ்மானுக்கு வந்தவள். ஆனாலும் கல்லூரிப் பதிவேட்டில் அவள் வெளிநாட்டு மாணவி. இருப்பது அப்பாவின் விசாவில். அதில் 'வேலை செய்ய அனுமதி இல்லை' என்று முத்திரையே குத்தியிருக்கிறது. பயிற்சிக்கும் லேபர் ஆபீஸிலிருந்து அனுமதிச் சீட்டு வர வேண்டும். கல்லூரிக் கடிதம், பத்திரிகைக் கடிதம், அப்பாவின் ஆட்சேபணை இல்லைக் கடிதம் எல்லாம் சேர்ந்தால்தான் சீட்டு. கல்லூரிக் கடிதமோ ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

பத்திரிகையின் விசா வேலைகளைப் பார்க்கும் காதர் மைதீன் கீழக்கரைக்காரர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, சீட்டு வர்ற வரைக்கும் பாருங்க, கேளுங்க, டீ குடிங்க. பேரு மட்டும் பேப்பர்ல வரப்படாது. வந்துச்சுன்னா ஆபீஸுக்கு ஃபைன், உங்க அப்பா விசாவுக்கும் சிக்கல். அப்பறம் சீட்டைப் பத்தி நெனச்சே பாக்க முடியாது. கலாஸ்!"

ஷ்ருதி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். ஆனால் கை சும்மா இருக்குமா? தினமும் அஜ்மானிலிருந்து வந்து, வழியில் ஷார்ஜாவின் ரோலாவில் இறங்கி துபாய் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அந்த வருடம், 2006இல், ரோலாவில் பஸ்ஸுக்கு நிற்பது என்பது ஒரு தனி உத்தியோகம். வரிசை கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போகும். முன்னால் நின்ற வீரபாண்டி என்பவர் தேனிப் பக்கத்துக்காரர். ஏசி பழுது பார்க்கிறவர். எட்டு மணி டூட்டிக்கு அஞ்சரைக்கே வந்து நிற்பதாகச் சொன்னார். "ஊர்ல பொண்டாட்டிகிட்டப் பேசுனதவிட இந்த வரிசைல முன்னாடி நிக்கிற ஆளுகிட்டப் பேசுனதுதாம்மா அதிகம்" என்றார். ஷ்ருதி மூன்று நாள் அந்த வரிசையைத் தலையிலிருந்து வால் வரை நடந்து, கேட்டு, குறித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே எழுதிவிட்டாள்.

நகரச் செய்தி ஆசிரியர் படித்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. "நாளைக்குப் போடறேன். மேலே இருக்கிற உன் பேரை எடுத்துட்டு, பக்கம் கட்டறவருக்கு அனுப்பு" என்றார்.

அவள் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். மறக்கவெல்லாம் இல்லை. விரல் அந்த எழுத்துகளின் மேல் போய் நின்றது, அழிக்க மனசு வரவில்லை, அனுப்பிவிட்டாள். பக்கம் கட்டியவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மறுநாள் காலை ஐந்தாம் பக்கத்தில், முழுப் பெயரோடு, ஷ்ருதி கோபாலசாமி.

ஆசிரியர் கத்தினார். காதர் மைதீன் தலையில் அடித்துக்கொண்டு, "சரி விடுங்க, தெனம் எத்தனையோ பேரு வருது. நாமளா போய்ச் சொன்னாத்தான உண்டு" என்று சமாதானமானார்.

அஜ்மானில் அப்பா கோபாலசாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஷார்ஜாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் கோப்புகளுக்குப் பொறுப்பாளர் அவர். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. கோப்பில் இல்லாத விஷயம் உலகத்திலேயே இல்லை என்பது அவர் கட்சி. மகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது, நாலாம் வகுப்பில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் வாங்கிய சான்றிதழைக் கூட நகலெடுத்து இணைத்தவர். பத்திரிகையில் ஆறு பிரதி வாங்கி, மாடிக்கு மாடி போய்ப் படித்துக் காட்டினார். "லிஃப்ட்டுல வர்றவங்களையும் விட மாட்டீங்களா?" என்று கேட்ட அம்மா நீலாவும், அவர் பார்க்காதபோது ஒரு பிரதியை எடுத்துப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கல்லூரிக் கடிதம் ஒருவழியாக வந்தது. அப்பா அரை நாள் லீவு போட்டு, விண்ணப்பத்தை டைப் அடித்து, லேபர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் மகளோடு நேரில் வரச் சொன்னார்கள்.

லேபர் ஆபீஸ் வாசலில் காதர் மைதீன் காத்திருந்தார். "அண்ணே, என்னென்ன வச்சிய?"

கோபாலசாமி விரல் விட்டு எண்ணினார். "பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, லெட்டர் மூணு, மார்க் ஷீட்டு. கடைசியா புள்ள பேப்பர்ல எழுதுனாளுங்களே, அந்தக் கட்டிங்."

"கட்டிங்கா?"

"ஆமாங்க. புள்ளைக்குத் தெறம இருக்குதுன்னு தெரிஞ்சா சட்டுனு குடுத்துருவாங்கல்ல?"

காதர் மைதீன் முகம் வெளுத்துப் போனது. "அண்ணே! சீட்டு கேக்குறதுக்கு முந்தியே வேலை செஞ்சுட்டாங்கன்னு தேதியோட நீங்களே புடிச்சுக் குடுத்துட்டியளே!"

அப்பா மகளைப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயர் வரக் கூடாது என்பதைப் பற்றி ஷ்ருதி வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் படித்துக் காட்டிக்கொண்டு திரிந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். இப்போது அவர் பக்கம் திரும்பினாள். "நான்தாம்ப்பா சொல்லல" என்பதற்குள் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை உடையில் அதிகாரி. நடுவயது, நிதானமான ஆள். கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கட்டிங் வந்ததும் நின்றார்.

"இதை நான் படித்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "ரோலா பஸ் வரிசை. என் மனைவியிடமும் கொடுத்தேன். நல்ல எழுத்து." பிறகு பெயரைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். ஷ்ருதியைப் பார்த்தார். "நீ எழுதியதா?"

அவள் வாழ்க்கையில் முதல் முறையாக, அப்பாவோ அம்மாவோ அல்லாத ஒரு மனிதர், முன்பின் தெரியாத மனிதர், அவள் எழுத்தை நன்றாக இருக்கிறது என்கிறார். ஆமாம் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க சார்" என்று அப்பா முந்திக்கொண்டார். பதற்றத்தில் முதலில் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "இது வேறு பெண். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இதே பெயர்தான். எந்தப் பத்திரிகையில் பயிற்சி என்று காட்டத்தான் வைத்தேன். என் மகள் மாணவி, சார். அவளுக்கு இப்படி எழுதவெல்லாம் வராது."

அதிகாரி மறுபடியும் ஷ்ருதியைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாம் சார். நான் எழுதவில்லை."

அவர் நம்பினாரா என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. கட்டிங்கை உருவி எடுத்து, கசக்கி, காலடியிலிருந்த கூடையில் போட்டார். "இது தேவையில்லாத காகிதம்" என்றார். அனுமதிச் சீட்டில் முத்திரை விழுந்தது. "போ, நன்றாகக் கற்றுக்கொள்."

வெளியே வந்ததும் காதர் மைதீன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆசிரியருக்குப் போன் செய்ய ஓடினார். கோபாலசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அவர் ஒரு காரின் நிழலில் போய் நின்றுகொண்டார்.

"கண்ணு, உள்ள நான் சொன்னது..."

"தெரியும்ப்பா."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல கண்ணு. வாய்க்கு அதுதான் வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் மேல் ஷ்ருதிக்குக் கோபமே வரவில்லை. தனக்காகத்தான் சொன்னார் என்று தெரியும். தெரிந்தும், எழுதவெல்லாம் வராது என்ற அந்த வாக்கியம் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது அவளே சொன்ன வாக்கியம். ஒரு பெயரை அழிக்க மனசு வராமல் இத்தனையையும் இழுத்து வைத்தவள், கேட்ட மாத்திரத்தில், நான் எழுதவில்லை என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

"நாளைக்கிருந்து டூட்டிக்குப் போலாமா?" என்று அப்பா கேட்டார்.

"இப்பவே போறேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, அழுதுவிடுவோமோ என்ற பயத்தில் அவள் சாலையைக் கடந்து வேகமாக நடந்தாள்.