மஞ்சளாகாத குழாய்கள்

மூன்றாவது வாரமும் குழாய்கள் மஞ்சளாகவில்லை.

லாக்டோஸ் சர்க்கரையைக் கொடுத்தால் பாக்டீரியா அதை உடைக்கும் நொதியைச் செய்யும். நொதி இருந்தால், மேலே ஊற்றும் நிறமற்ற கரைசல் மஞ்சளாகும். இரண்டு மணி நேரச் சோதனை, அவ்வளவுதான்.

"கை சுத்தமில்லம்மா உனக்கு," என்றார் மேடம். "அடுத்த வாரமும் வரலைன்னா புராஜெக்ட சீனியர்கிட்ட குடுத்துடுவேன்."

சீனியர் சிரித்தான். "வாயில்லாப்பூச்சி வளர்க்கிற பாக்டீரியா மட்டும் வாயத் திறக்குமா மேடம்?"

ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். காது மடல் சுட்டது. மேசைக்குத் திரும்பினாள்.

கை சுத்தமில்லையாம்! ஒவ்வொரு குழாயின் வாயையும் தீயில் காட்டித்தானே மூடினாள்?

அப்படியானால் தப்பு எங்கே? லாக்டோஸுக்கான மூன்று மரபணுக்களும் ஒரே வரிசையில், ஒரே சுவிட்சின் கீழ் நிற்கின்றன. ஒரு புரதம் அந்தச் சுவிட்சை அடைத்து உட்கார்ந்திருக்கும். லாக்டோஸ் வந்தால் எழுந்து வழிவிடும். ஆனால் பக்கத்தில் குளுக்கோஸ் கிடந்தால், வழி திறந்திருந்தும் மரபணுக்கள் வேலையில் இறங்காது. சுலபமான சாப்பாடு இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்?

பாக்டீரியா வளரும் ஊடகத்தை அவள் காய்ச்சுவதில்லை. திங்கள்தோறும் எல்லோருக்குமாகச் சீனியர்தான் காய்ச்சுவான். அந்தக் குடுவையில், சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கும் பட்டையை நனைத்தாள். அரை நிமிடத்தில் பட்டை கறுத்தது.

"இதுல குளுக்கோஸ் போட்டீங்களாண்ணா?"

"ஒரு கரண்டி. என்னோடது சீக்கிரம் வளரணும்ல?"

"லேபிள்ல எழுதலையே?"

"இதெல்லாமா எழுதுவாங்க?"

மறுநாள் காலை முதல், அதே ஊடகத்தில் பாக்டீரியா பெருகுவதை அரைமணிக்கு ஒருமுறை கலங்கலை வைத்து அளந்தாள். வளர்ச்சிக்கோடு ஏறியது, ஒரு மணி நேரம் படுத்தது, மறுபடி ஏறியது. இரண்டு மணி நேரத்தில் தீராத குளுக்கோஸ் இப்போது தீர்ந்து, லாக்டோஸுக்கு மாறியிருக்கிறது. அப்போது எடுத்த குழாய்கள் பளிச்சென்று மஞ்சளாயின.

மேடம் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அட, எவ்வளவு அழகா வந்திருக்கு! இதையே கட்டுரையாக்கிடலாம். சீனியர் எழுதட்டும், அவனுக்கு நடை நல்லா வரும்."

மூலையில் குடுவை கழுவிக்கொண்டிருந்த சீனியர் நிமிரக்கூட இல்லை.

அவள் கை நீட்டி வரைபடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் எழுதுவேன் மேடம். அதுக்கு முன்னாடி, என் கை சுத்தம்னு அவர் எதிர்ல சொல்லுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா... சுத்தம்தான்," என்று முனகினார்.

"மூலைக்குக் கேக்கல மேடம்," என்றாள் அவள்.