அட்பாஷியில் இரண்டு புள்ளிகள்

கம்பெனி எங்களுக்குப் போன் கொடுத்த அன்று முதலில் சிரித்தவள் என்னோடு வேலை பார்க்கும் குந்துஸ்.

"என் மாமியாருக்குக்கூட என்மேல இவ்வளவு சந்தேகம் கிடையாது எஜே. எங்க நிக்கிறோம், எவ்வளவு நேரம் நிக்கிறோம், எல்லாத்தையும் பிஷ்கெக்ல உக்காந்து பாப்பாங்களாம். ஒண்ணுக்குப் போனாக்கூடத் தெரியும்போல!"

அவளைவிட நான் மூத்தவள். அதனால் அவளுக்கு நான் புருல் எஜே, புருல் அக்கா. நாரினில் ஒரு தேயிலை, பிஸ்கட் கம்பெனிக்குக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பது எங்கள் இருவருக்கும் வேலை. நகரமும் ஆற்றோரக் கிராமங்களும் அவளுடையவை. கணவாய்க்கு அந்தப் பக்கம் அட்பாஷி வட்டாரம் என்னுடையது. போன் வந்த பிறகு, கடைக்குள் நுழைந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; அலமாரியைப் படம் எடுக்க வேண்டும்; ஆர்டரை அங்கேயே போட வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கில், தலைமை அலுவலகத்தில் இருக்கும் வரைபடத்தில் நாங்கள் பச்சைப் புள்ளிகளாக நகர்வோம்.

அந்தக் குளிர்காலத்தில் என் கணவர் தலாந்த் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயதில் இளவட்டங்களோடு, குதிரைமேலிருந்து ஆட்டுடலைப் பிடுங்கும் கொக்போரு ஆடப் போனால் வேறென்ன நடக்கும்? அறுவைக்குப் பிறகு வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நடக்கப் பழக்க வேண்டியிருந்தது. அந்த மருத்துவர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். வியாழன் எனக்கு அட்பாஷி நாள். மேலாளர் ரிஸ்பெக்கை நாங்கள் பைக்கே, அதாவது அண்ணன் என்போம். அவரிடம் விடுப்புக் கேட்டேன். "புள்ளி நகரலன்னா மேலருந்து என்னைத்தான் கேப்பாங்க எஜே" என்று கையை விரித்துவிட்டார்.

வழி சொன்னது குந்துஸ். "உங்க போனை எங்கிட்டக் குடுங்க. பனியில கணவாயத் தனியாத் தாண்ட பயமா இருக்கு, வியாழக்கிழமை ரெண்டு பேரும் சேந்து போறோம்னு ரிஸ்பெக் பைக்கேகிட்டச் சொல்லிடுறேன். ரெண்டு போனும் என் பையில கிடக்கும். ஆர்டரை உங்க பேர்லயே போடுறேன். நீங்க அண்ணனோட காலப் பாருங்க."

"மாட்டிக்கிட்டா?"

"போனுக்கு மூஞ்சி தெரியுமா என்ன? போங்க எஜே."

மாதக்கணக்கில் அப்படித்தான் ஓடியது. ஒரு ஆர்டர்கூட அவள் தன் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் போனைத் திருப்பித் தர வரும்போது தலாந்துக்குச் சூடாக போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்துக் கொண்டுவருவாள். "எனக்குக் கூடப் பிறந்த தங்கச்சி இருந்தா இப்படித்தான் இருப்பா" என்று என் கணவரிடமே சொல்லியிருக்கிறேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு புதன்கிழமை ரிஸ்பெக் எங்களைக் கூப்பிட்டார். இனிமேல் கடைக்காரர்களே தங்கள் போனில் ஆர்டர் போடலாமாம். அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்துக் கடையைப் பதிவு செய்வது எங்கள் பொறுப்பு. யார் பதிவு செய்கிறாரோ அவர் பெயரில்தான் அந்தக் கடை நிற்கும். ஒருமுறை நின்றுவிட்டால் மாற்ற முடியாது.

வெளியே வந்ததும் குந்துஸிடம் சொன்னேன்: "நாளைக்குப் பதிவு எதுவும் பண்ணாதே. செவ்வாய்க்கிழமை நானே போறேன். சந்தைக் கடை ஊல்கானுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, பக்கத்துல உக்காந்து நிதானமாச் சொல்லிக் குடுக்கணும்."

"சரி எஜே. நான் ஆர்டர் மட்டும் எடுத்துட்டு வந்துடுறேன்" என்றாள். சொல்லும்போது என் சால்வையை இழுத்துக் காதை மூடிவிட்டாள். காற்று அவ்வளவு குளிராக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அட்பாஷிச் சந்தையில் முதல் கடையே ஊல்கானுடையதுதான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வந்தியே!"

"எங்க கிளம்புறேன்?"

"பிஷ்கெக்குக்குத்தான். தலாந்த் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோட போறியாமே? அந்தப் பொண்ணு சொல்லி அழுதுச்சே. 'புருல் எஜேதான் என்னை அனுப்பினாங்க, உங்களையெல்லாம் எங்கிட்ட ஒப்படைச்சிட்டாங்க'ன்னுச்சு. நீ அனுப்பின ஆளுன்னுதான் போனையே கையில குடுத்தேன்."

தன் போனை நீட்டினாள். திரையில் கம்பெனியின் தேநீர்க் கோப்பை. அதன் கீழே 'உங்கள் விற்பனையாளர்' என்று எழுதி, குந்துஸின் சிரித்த முகம்.

அடுத்த கடைக்குப் போனேன், அதற்கடுத்த கடைக்கும் போனேன். சந்தை முழுக்க அதே முகம் சிரித்தது. "உன் புருஷன் சீக்கிரம் நடக்கட்டும்" என்று ஒருவர் என் பையில் உலர்ந்த பாதாமி அள்ளிப் போட்டார்.

நாரினுக்குத் திரும்பி நேரே குந்துஸைத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, இறைச்சி அடைத்த சம்சா விற்கும் கடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த சம்சாவைத் தட்டில் வைத்தாள்.

"தெரிஞ்சிடுச்சா?"

"ஏண்டி?"

"நாரினுக்கு இனிமே ஒரு ஆள் போதுமாம் எஜே. யாருக்குக் கடை அதிகமோ அவங்களத்தான் வெச்சுக்குவாங்களாம். ரிஸ்பெக் பைக்கே வாய் தவறி எங்கிட்டச் சொல்லிட்டாரு."

"அத எங்கிட்டச் சொல்ல உனக்கு வாய் இல்லயா?"

"சொல்லியிருந்தா? அட்பாஷி மொத்தமும் உங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. ஒரு வார்த்தை சொன்னா என் கடைக்காரங்ககூட உங்க பக்கம் வந்துடுவாங்க. எனக்கு யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க."

"உனக்கு நான் இருந்தேன்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் கிளம்பினேன். அழுதால் ஆற்றுப்பாலத்தைத் தாண்டிய பிறகுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் ரிஸ்பெக்கிடம் முறையிட்டேன். அவர் குந்துஸையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். அட்பாஷிச் சந்தையின் வரைபடம் அது. போன வியாழக்கிழமை நகர்ந்த வழி முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு கடையிலும் இரண்டு பச்சைப் புள்ளிகள், தோளோடு தோள் உரசிக்கொண்டு.

"எஜே, அவ பதிவு பண்ணும்போதெல்லாம் நீங்க பக்கத்துலயே நின்னிருக்கீங்க. ஊல்கான் கடையில, பாருங்க, ரொம்ப நேரம். அப்ப வேடிக்கை பாத்துட்டு இப்ப வந்து கேட்டா எப்படி?"

குந்துஸைப் பார்த்தேன். 'இல்ல பைக்கே, எஜே அங்க இல்ல' என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மையாகவே அப்படி எதிர்பார்த்தேன். அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அங்க இல்ல" என்றேன். "எந்த வியாழக்கிழமையும் நான் அங்க போகல. ஆஸ்பத்திரியில இருந்தேன். என் போன் இவ பையில இருந்துச்சு."

ரிஸ்பெக் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். வேற எங்கயாவது உங்களைப் போடப் பாத்திருப்பேன். இப்ப நான் மேல சொல்லித்தான் ஆகணும்."

"அவ மட்டும்? அவளும்தானே கூட்டு?"

"ரெண்டு பேரையும் அனுப்பிட்டாக் கடைங்கள யாரு பாக்குறது?"

அந்த வாரமே என் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குந்துஸுக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். நடந்ததைக் கேட்ட ஊல்கான் அவளுடைய ஏழு தலைமுறையையும் சபித்தாள். ஆனாலும் தேயிலைக்கு அந்தப் போனைத்தான் அழுத்துகிறாள். அலமாரி காலியாக இருந்தால் அவள்தான் என்ன செய்வாள்? ஊல்கான்மேல் எனக்குக் கோபமில்லை. இல்லை, கொஞ்சம் இருந்தது.

வண்ணப்பூச்சும் ஆணியும் விற்கும் ஒரு கடையில் எனக்கு வேலை கிடைத்தது. மே மாதம் ஒரு உறவுக்காரர் வீட்டு விருந்துக்காக அட்பாஷிக்குப் போக ஷேர் டாக்ஸியில் ஏறினால், பின்சீட்டில் குந்துஸ். கதவை ஓட்டுநர் சாத்திவிட்டார். இறங்கினால் வேறு வண்டி கிடையாது.

கணவாய் ஏறும்போது அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கடைங்களத் திருப்பித் தர முடியுமான்னு கேட்டுப் பாத்தேன் எஜே. மாத்த முடியாதுங்குறாங்க."

"கடையப் பத்தி நான் கேக்கவே இல்ல. ஊல்கான்கிட்ட நின்னு 'எஜேதான் அனுப்பினாங்க'ன்னு சொன்ன பாரு. என் பேரை வெச்சு என்னையே அறுத்த. அதுதான் ஆறல."

அவள் அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சரிவில் குதிரைக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "அண்ணன் நடக்குறாரா?"

பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவர் நடந்தார். கோலை வீசிவிட்டு ஆற்றங்கரை வரை போய்வந்துகொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமைகள் இல்லாவிட்டால் நடந்திருக்க மாட்டார் என்று மருத்துவரே சொன்னார். அவற்றை எனக்குக் கொடுத்தவள் இவள். முழுசாக வெறுக்கவும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று அப்போதுதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நடக்குறாரு" என்றேன்.

அட்பாஷியில் அவள் சந்தைப் பக்கம் போனாள். நான் விருந்து வீட்டுக்கு மற்றொரு தெருவில் திரும்பினேன்.