சோதனைக்கு ஒரு வதந்தி

ஒரு கருத்து ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதுவது நான்சியின் வேலை. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவளைத் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் வேலைக்கு வைத்திருந்தது. திரையில் ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. சுற்றியிருப்பவற்றில் அது நம்புகிற புள்ளிகள் நிறம் மாறினால் அதுவும் மாறிவிடும். யாரிடம் முதலில் சொன்னால் ஊரே சீக்கிரம் மாறும் என்று கண்டுபிடிக்கும் முறையை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். எல்லாம் கற்பனைப் புள்ளிகள் என்றே நினைத்திருந்தாள்.

மதியச் சாப்பாடு கீழே ரம்ஜான் பீவியின் மெஸ்ஸில். கேட்காமலே இன்னொரு கரண்டி கோழிக் குழம்பு ஊற்றுகிற பெண்மணி.

ஒரு சாயங்காலம் நான்சியின் அம்மா அல்போன்சா சொன்னாள்: "இனிமே அந்த மெஸ்ஸுல சாப்புடாத. பண்ணையில செத்த கோழியத்தான் வாங்கிப் போடுறாகளாம். வாட்ஸப்புல வாய்ஸ் வந்துச்சு. எங்க சர்ச்சு அன்பியம் குரூப்புல அம்புட்டுப் பேருக்கும் போட்டுவிட்டேன்."

"யாரும்மா அனுப்புனது?"

"யாரா இருந்தா என்ன? நெருப்பில்லாமப் புகையுமா?"

மறுவாரம் மெஸ் காலியாகக் கிடந்தது. அன்றுதான் முதலாளி அன்புமணி நான்சியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான். முட்டைப் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவன், எண்ணெய் விரலால் வளைகோட்டைத் தடவினான்.

"உங்க சமன்பாடு அப்படியே பொருந்துது. எலெக்‌ஷனுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். செத்த கோழின்னு ஒரே ஒரு வாய்ஸ்தான் விட்டோம்."

"ஏன் சார் அந்த மெஸ்?"

"பெரிய ஓட்டல்னா வக்கீல் நோட்டீஸ் விடுவான். இது யாரு கேக்கப் போறா? உங்க முறை எடுத்துக் குடுத்த ஆளுங்கள்ல உங்கம்மாவும் ஒருத்தங்க. நல்லாப் பரப்புனாங்க."

அவன் சிரித்தபோது பல்லிடுக்கில் மஞ்சள் கரு தெரிந்தது. நான்சி வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

நேராக மெஸ்ஸுக்கு இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ரம்ஜான் பீவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செத்தத நான் தொடுவேனாம்மா? ஹராம்மா அது! பேரப்புள்ளைகளுக்கும் இந்தக் கொழம்பத்தானே ஊத்துறேன்!"

இருவரும் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார்கள். நான்சி வேலையை விட்டாள். நிறுவனம் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்லி நான்சி அனுப்பிய குரல் பதிவை, கேட்டவர்களில் அநேகம் பேர் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. அவளுடைய சமன்பாட்டில் நிறம் மாறிய புள்ளி, உண்மை வந்து சேர்ந்தால் அதே வேகத்தில் திரும்பிவிடும். அருவருப்பை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நடந்ததைக் கேட்டு அல்போன்சா அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டி அந்தப் பொம்பள. ஆனா இனி அங்க சாப்புட முடியுமா? நெனச்சாலே கொமட்டுதே" என்றாள். நான்சி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மெஸ் மூடப்பட்டது. ரம்ஜான் பீவி கொடைரோட்டில் மகள் வீட்டோடு போய், ஸ்டேஷன் பக்கம் இட்லி விற்கிறாள் என்று கேள்விப்பட்டு நான்சி பஸ் ஏறிப் போனாள்.

ரம்ஜான் பீவி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"நீ நல்ல புள்ளதான். புகார் குடுக்க என்கூட வந்த. ஆனா இங்க வராதம்மா. உன்னப் பாத்தாலே எனக்குச் செத்த கோழி வாடை அடிக்குது."

நான்சி திண்டுக்கல் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றாள்.