உப்பு முப்பத்தைந்து

உப்புக்காரி என்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். அடிபட்ட கடல் பிராணிகளுக்கான ஆஸ்பத்திரி அது. வைத்தியம் பார்ப்பவள் அவளுடைய அக்கா, தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொள்பவள் இவள். ஆயிரம் பங்கு தண்ணீருக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு, கடலில் இருக்கிற மாதிரியே. ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் இவளுக்குச் சோறு இறங்காது. காலையும் மாலையும் ஒரு சொட்டை எடுத்து உப்பு அளக்கும் குழலில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, "முப்பத்தஞ்சு" என்பாள். அப்போது முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அந்தத் தண்ணீரை இவளே பெற்றெடுத்த மாதிரி.

அந்தப் பெருமைதான் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒரு நாள் அத்தான், அதாவது அக்காவின் புருஷன், தன் வலையில் சிக்கிய கடல்பாம்பு ஒன்றைக் கூடையில் கொண்டுவந்தார். துடுப்பு மாதிரித் தட்டையான வால், மஞ்சள் உடம்பில் கறுப்பு வளையங்கள், வயிறு நிறையக் குட்டி. முட்டையெல்லாம் கிடையாது, தண்ணீரிலேயே குட்டி போடுகிற வகை. மற்ற படகுக்காரர்கள் அதைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பார்கள். இவர் மட்டும் பெண்டாட்டியிடம் நல்ல பேர் வாங்க எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"இந்த வருஷம் மழையே இல்ல. ஒரு மழை வந்தா இதுக்குத் தன்னால தெம்பு வரும்," என்றார் அத்தான். "மழையில இதுங்க தலையைத் தூக்கிக்கிட்டு மிதக்கும். நானே பார்த்திருக்கேன்."

"கடல்ல கிடக்கிறதுக்கு மழை எதுக்கு அத்தான்? குடை பிடிக்கவா?" என்றாள் இவள்.

அத்தான் சிரித்துக்கொண்டே பாம்பைத் தொட்டியில் விட்டுவிட்டு வெறுங்கூடையோடு போய்விட்டார். கொழுந்தியாளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யார்?

வலை அறுத்த காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் பாம்பு நாளுக்கு நாள் வாடியது. தோல் சுருங்கிப்போய், தொட்டியின் மூலையில் அப்படியே கிடந்தது. விலாங்கு மீனைப் போட்டால் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடலில் அதற்குச் சாப்பாடே அதுதான். பாறைப் பொந்துக்குள் தலையை நுழைத்து விலாங்கை இழுத்துத் தின்னும். அப்படித் தின்னும் இடங்களில்தான் பொந்துகளில் சின்ன மீன்கள் பயமில்லாமல் குடியிருக்கின்றன என்பது அத்தானின் கணக்கு. பாம்பு இல்லாத பாறையில் அவர் வலை வீசவே மாட்டார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். தேறலைன்னா வயித்தைக் கீறிக் குட்டிகளையாவது எடுக்கணும். தாய் தாங்காது. தண்ணி சரியாத்தானே இருக்கு?"

"என் தண்ணியை யாரும் குறை சொல்ல வேண்டாம்."

"குறை சொல்லலடி. கேக்கிறேன்."

"முப்பத்தஞ்சு."

வியாழக்கிழமை மத்தியானம். தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் போய் நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு தாலாட்டுகிற மாதிரி முனகியது. கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் சொக்கியது. கூரை மெல்லக் கீழே இறங்கி வந்து கடலானது. அவள் அதன் அடியில் நடந்து போனாள். பச்சைப் புல் காலை வருடியது. அவளைச் சுற்றி எங்கும் தண்ணீர், தலைக்கு மேலேயும் தண்ணீர். ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? பின்னாலேயே சின்னச் சின்னதாக ஆறேழு பேர் நெளிந்து வந்தார்கள். "அம்மா, தண்ணி," என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். உப்பு.

விழித்தபோது நிஜமாகவே தொண்டை வறண்டிருந்தது. எழுந்து நின்று பாட்டிலை எடுத்து அண்ணாந்தாள். தூக்கக் கலக்கத்தில் புரையேறிவிட்டது. இருமிய இருமலில் கை தடுமாறி, பாதித் தண்ணீர் மேலே மூடியிருந்த வலை வழியாகத் தொட்டிக்குள் கொட்டியது.

போச்சு, முப்பத்தஞ்சு போச்சு. உப்பு டப்பாவை எடுக்க ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால், மூன்று நாளாக அசையாத பாம்பு மேலே வந்திருந்தது. தண்ணீர் கொட்டிய இடத்தில் வாயை வைத்திருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. குடித்தது. பிறகு பம்பு அந்த நல்ல தண்ணீரை உப்போடு கலக்கிவிட, வாயை மூடிக்கொண்டு மறுபடி அடியில் போய்ப் படுத்தது.

டப்பா கையிலேயே இருந்தது. கடலில் மழை பெய்தால் மழைத்தண்ணீர் கொஞ்ச நேரம் மேலாக மிதக்கும். அதைத்தான் இது குடிக்கும். பாம்பு வந்த அன்றைக்கே அத்தான் சொன்னார், இவள் குடை பிடிக்கவா என்று கேலி பண்ணினாள். மூன்று வாரமாக ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் போட்டுவிட்டு, வேளாவேளைக்கு முப்பத்தைந்து என்று மார்தட்டிக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது.

பம்பை நிறுத்தினாள். ஒரு தட்டை நீர்மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, குடத்திலிருந்து நல்ல தண்ணீரை அதன் மேல் மெல்ல மெல்ல வழியவிட்டாள். பாம்பு வந்தது. குடித்தது. நிறுத்தாமல் குடித்தது.

சத்தம் நின்றதைக் கேட்டு அக்கா வந்தாள். "யாரு பம்பை நிறுத்தினது?"

"நான்தான்."

"உப்பு எவ்வளவு இருக்கு?"

"தெரியலக்கா. நான் பார்க்கல."

பிறந்ததிலிருந்து தங்கை வாயில் அக்கா கேட்காத பேச்சு அது. தொட்டியைப் பார்த்தாள், தங்கையின் கண்ணைப் பார்த்தாள், குடத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கத்தி பெட்டியிலேயே இருந்தது. இரண்டாவது வாரம் ஆறு குட்டிகள் பிறந்தன, ஆறுக்கும் உயிர் இருந்தது. கடலில் விடலாம் என்று அக்கா சொன்னாள். மழை வராமல் விடமாட்டேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். பதினோரு நாள் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். பன்னிரண்டாம் நாள் காலை வானம் இருட்டியது.

அத்தானின் படகில்தான் போனார்கள். தூறல் பிடித்ததும் கூடையைச் சாய்த்தாள். தாயும் குட்டிகளும் முழுகவில்லை. மழை புள்ளி குத்திய தண்ணீரில் ஏழு தலைகள் மேலே நின்றன. ஏழும் குடித்தன.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க அத்தான்," என்றாள்.

"சொன்னேனா? ஞாபகமில்லையே," என்றார் எதையும் மறக்காத அத்தான். பலகைக்கு அடியிலிருந்து ஒரு குடையை எடுத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.