கிணறு முதலில், மாடு பிறகு

மெஷின் கெட்டுப்போயிருந்தால் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அது கெடவில்லை. விளக்குகள் எரிந்தன, விசிறி ஓடியது, ஒரு பிழைகூடக் காட்டவில்லை. சும்மா நின்றது, அவ்வளவுதான்.

மதராஸில் ஒரு கணிப்பொறிக் கூடத்தில் எனக்கு வேலை. ஒரே மெஷினில் இரண்டு கணக்குகளைச் சேர்த்து ஓட்டும் மேற்பார்வைப் புரோகிராமை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மெமரியில் ஓர் இடத்தை ஒரு கணக்கு எடுத்துக்கொண்டால், மற்றது அங்கே கைவைக்காதபடி அதற்குப் பூட்டுப் போட வேண்டும். வேலை முடிந்ததும் திறக்க வேண்டும். பூட்டுகள் விழுந்தன. திறக்கத்தான் இல்லை.

"திங்கக்கிழமையும் நின்னுதுன்னா பழையபடி ஒவ்வொண்ணா ஓட்டிக்கலாம் செண்பகம். நீ அட்டை குத்துற ரூமுக்கே போயிடு" என்றார் தலைவர் இருதயராஜ் சார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்பாகச் சொன்னார், பாவி மனுஷன். மெஷின் படிக்கும் அட்டைகளில் நாளெல்லாம் ஓட்டை குத்தும் அந்த ரூமுக்குத் திரும்பிப் போவதைவிட ஊரில் களை பிடுங்கலாம் என்று இருந்தது எனக்கு.

சனிக்கிழமை விழுப்புரம் பாசஞ்சரில் ஏறினேன். அறுபத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. செங்கல்பட்டு ஏரியின் மேல் மெமரிக் கட்டங்கள் வரிசையாக மிதந்து வந்தன. திண்டிவனத்தில் இறங்கியபோது பிளாட்பாரமும் கொஞ்சம் மிதந்தது.

ஊரில் அடுத்த பேஜாரு. என் நைனா முருகையனுக்கும் சித்தப்பா தேவநாதனுக்கும் நிலம் பிரித்தாகிவிட்டது. கிணறும் ஒரு ஜோடி மாடும் மட்டும் பொது. ஞாயிறு விடிந்ததும் நைனா கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டார். அதற்குள் சித்தப்பா கிணற்றில் தண்ணீர் மொள்ளும் தன் தோல் சாலை மாட்டிவிட்டார். தண்ணீர் இறைக்க இரண்டும் வேண்டும். மாட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நைனா புளியமரத்தடியில் உட்கார்ந்தார். சாலுக்குக் காவலாகச் சித்தப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். இருவருடைய மல்லாட்டைச் செடியும், வேர்க்கடலைதான், சுருண்டு கிடந்தது.

"காலையிலேருந்து குந்திக்கினுகீறாங்க ரெண்டு பேரும். நீயாவது போய்க் கேளுடி" என்றாள் அம்மா.

"என் தலையெழுத்தே சரியில்ல, இதுல இவங்க வேற" என்று சிடுசிடுத்துவிட்டு, புரோகிராம் தாள்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

கனவில் மெமரி மல்லாட்டைக் கொல்லையாக இருந்தது. பாத்திக்குப் பாத்தி எண், எண்ணுக்குக் கீழே பூட்டு. தண்ணீர் ஆகாயத்தில் நின்றது, விழவேயில்லை. அட்டை படிக்கும் பாத்தியைப் பூட்டிக்கொண்டு ஒருவர், அச்சடிக்கும் பாத்திக்காகக் காத்திருந்தார். அச்சடிக்கும் பாத்தியைப் பூட்டிக்கொண்டு இன்னொருவர், அட்டைப் பாத்திக்காகக் காத்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் ஒருவர் நைனா, மற்றவர் சித்தப்பா. "யாரு முதல்ல?" என்று கேட்டேன். இருவரும் "நான்" என்றார்கள். பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு என்னைத் திரும்பிப் பார்த்து, "யாருன்னு ஏம்மா கேக்கற? எதுன்னு கேளு" என்றது.

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். அடச்சே, இவ்வளவுதானா! யாராக இருந்தாலும் முதலில் அட்டைப் பாத்தி, அது கிடைத்த பிறகே அச்சுப் பாத்தி. முதலாவது கிடைக்காதவன் கையில் எதுவுமே இருக்காது. யாரும் யாரையும் மறிக்க முடியாது.

சந்தோஷம் தாங்கவில்லை. கிணற்றுக்கு ஓடினேன்.

"நைனா! இனிமே யாரா இருந்தாலும் கிணத்தைப் புடிச்சப்புறந்தான் மாட்டைத் தொடணும். கிணறு கெடைக்கலன்னா மாட்டை வுட்டுடணும். அவ்ளோதான், சண்டையே வராது!"

"படிச்ச பொண்ணு சரியாத்தான் சொல்லுது" என்றார் சித்தப்பா, ஜல்தியாக.

நைனா கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா இன்னிக்கி வுடவேண்டியது நானா? அவன் எனக்குத் தம்பிம்மா. அவங்கிட்ட நான் தோத்துட்டேன்னு ஊரு சொல்லாதா?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோதும் கயிறு அவர் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை பூட்டுகளின் வரிசையை மாற்றி எழுதி ஓட்டினேன். மெஷின் நிற்கவில்லை. இரண்டு கணக்குகளும் மாறி மாறி அச்சாகித் தாள் தாளாக விழுந்தன. கிணற்றிலிருந்து தண்ணீர் வாய்க்காலில் கொட்டுகிற மாதிரி சத்தம். இனி அட்டை குத்தும் ரூம் இல்லை.

"பிரமாதம்! ரெண்டுல எதும்மா விட்டுக்குடுத்தது?" என்று கேட்டார் இருதயராஜ் சார்.

"தெரியல சார். அதுங்களுக்கே தெரியாது."

சொல்லும்போதே புளியமரத்தடியில் நைனா உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து சார் தன் கைக்குட்டையை நீட்டினார்.