யாக்கோபு விட்டுவிட்ட சோதனைகள்

என் ஐந்து வருட ஆராய்ச்சியை யாக்கோபு ஒரு நாளும் எதிர்த்ததில்லை. எதிர்த்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "சூப்பர் மேடம்" என்று சிரித்துக்கொண்டே அதைக் குழிதோண்டிப் புதைத்தார்.

ஒரகடத்தில் லாரி தயாரிக்கும் கம்பெனியின் மென்பொருள் பிரிவு எங்களுடையது. புரோகிராமில் யாராவது ஒரு வரியைத் திருத்தினாலும், வேறெதுவும் கெடவில்லையே என்று பார்க்க அத்தனை சோதனைகளையும் ஓட்டுவார்கள். முடிய அரை நாள் ஆகும். அந்தத் திருத்தத்துக்கு எந்தச் சோதனைகள் போதும் என்று என் ஆராய்ச்சியில் உருவான டூல் சொல்லிவிடும். வண்டி வெளியே போகும்முன் முழுச் சோதனை எப்படியும் உண்டு. இது தினசரி வேலைக்கு. வெளிநாட்டு மாநாட்டில் கைதட்டினார்கள். இங்கே சோதனைக் குழுவின் லீடர் யாக்கோபு டூல் சொன்னதை ஓட்டுவார், பிறகு "எதுக்கும் இருக்கட்டும்" என்று மீதியையும் ஓட்டுவார். ஒரு நிமிஷம்கூட மிச்சமாகவில்லை. மாதக் கடைசிக்குள் பலன் தெரியாவிட்டால் டூலை எடுத்துவிடுவேன் என்று மேனேஜர் ஜெபக்குமார் சொல்லிவிட்டார்.

வந்த கோபத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு யாக்கோபு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். டூல் விட்டுவிட்ட ஒவ்வொரு சோதனையையும் திறந்து, திருத்திய வரிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரே தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? அதைத்தானே டூல் பண்ணுது?"

"பண்ணுது மேடம். ஏன் உட்டுச்சுன்னு சொல்ல மாட்டேங்குதே. நாளைக்கு எதனா ஆச்சுன்னா நான் இன்னான்னு பதில் சொல்றது?"

காரணம் டூலுக்குத் தெரியும். காட்டச் சொல்லி மாநாட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, விட்ட ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் ஒரு வரிக் காரணம் வரும்படி செய்தேன். ஒப்பவில்லை என்றால் சேர்த்துக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தேன். யாக்கோபு சந்தேகத்தோடு படித்தார். நிறையச் சேர்த்தார். அப்புறம் சேர்ப்பது குறைந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு ஜெபக்குமார் போன மாத ரிப்போர்ட்டோடு வந்தார். "ஒண்ணும் மிச்சமாகலையே. எடுத்துரலாமா ஜாஸ்மின்?"

நான் வாயெடுப்பதற்குள் யாக்கோபு முந்திக்கொண்டார்.

"எத சார் எடுக்கறது? அது போன மாசக் கதை. இப்ப மொத்த டீமும் அத வச்சுகினுதான் வேல பாக்குது. எடுத்துட்டா நாளைக்குக் காலைல நாங்க இன்னா பண்றது? மறைமலை நகர் யூனிட்டுக்கும் குடுங்க, நானே வந்து சொல்லித் தரேன்."

ஜெபக்குமார் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். மறைமலை நகருக்கு எப்போது வர முடியும் என்று யாக்கோபுவிடம்தான் கேட்டார்.

யாக்கோபு பேசியதில் என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. தன் சொந்தப் பொருளுக்காக மல்லுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார் அந்த மனிதர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.