பதினேழாம் கம்பி

கியுஸ்தெந்தில் பழக் கிடங்கில் செர்ரி தரம்பிரிக்கும் இயந்திரம் அன்று காலை மூன்றாம் முறையாகக் கெட்டது. பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரிய பழமும் சிறிய பழமும் ஒரே பெட்டியில் விழுந்தன.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, இத்தாலிக்காரன் மெஷின இறக்கிடுவேன் அசென்," என்றார் கிடங்கு முதலாளி ஸ்தாமென். "உன் சர்க்யூட் அட்டை சூடு தாங்கல."

அசென் என் கணவன். எட்டு மாதம் எங்கள் சமையலறை மேசையில் ஈயம் வைத்துப் பற்றவைத்து அந்த அட்டையைச் செய்தான். அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதியவள் நான்.

"ஏன், ருமியானா எழுதுனதுல தப்பிருக்காதா?" என்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கினா அக்கா கேட்டாள்.

"அவ சமையல்ல இருக்கும் அக்கா. எழுதுனதுல இருக்காது," என்றான் அசென்.

பெல்ட்டில் பழம் ஏந்திய ஒவ்வொரு கிண்ணமும் கடக்கும்போது, கணினியைக் கூப்பிட அட்டை ஒரு கம்பி வழியாக மணி அடிக்கும், விநாடிக்கு ஐம்பது முறை. கணினி மற்ற வேலையை விட்டுவிட்டு என் டிரைவரைக் கூப்பிடும். அது பழத்தின் அளவைப் படித்துவிட்டு, 'என் மணிதான்' என்றோ 'என்னுடையது இல்லை' என்றோ பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அந்த அட்டையும் கணினியை இணையத்தோடு இணைக்கும் வலை அட்டையும் ஒரே கம்பியில் மணி அடித்தன. கிடங்குக்கு வந்ததும் அசெனின் அட்டைக்குப் பதினேழாம் கம்பியைத் தனியாக ஒதுக்கினேன். அன்றிலிருந்துதான் இந்தத் தொல்லை. இயந்திரம் கெடும்போதெல்லாம் கணினி அந்தக் கம்பியைத் தானாகவே துண்டித்துவிட்டு, திரையில் ஒரே வரியை எழுதியது: 'யாரும் கவனிக்கவில்லை.' அட்டை வீணாகக் கத்துகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

துண்டித்த நேரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். குளிர்ந்த காலையிலும் கொதிக்கும் மதியத்திலும், இயந்திரம் தொடங்கிச் சரியாக முப்பத்துமூன்று நிமிடம் இருபது விநாடி. சூட்டுக்கு இவ்வளவு கடிகார ஒழுங்கு வராது. இரண்டாயிரம் விநாடி. ஐம்பதால் பெருக்கினேன். ஒரு லட்சம்.

ஒரு லட்சம் மணிக்கும் உரிமை கோர ஆளில்லை என்றால் கணினி கம்பியைத் துண்டித்துவிடும். என் டிரைவர் ஒவ்வொரு முறையும் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசி வரியில் 'என்னுடையது இல்லை' என்று சொல்லியிருந்தது. வீட்டில் வலை அட்டையின் டிரைவர் அவ்வப்போது 'என்னுடையது' என்று சொன்னதால் கணினி பொறுத்துக்கொண்டது.

பேசாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அட்டை ஆறிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"ஸ்தாமென் அண்ணே," என்று பெல்ட் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "அட்டையில ஒரு குறையும் இல்ல. தப்பு நான் எழுதுனதுல."

"அப்ப எட்டு நாளா இவனத் திட்டினேனே?"

"எனக்கு வர வேண்டிய திட்டு."

அசென் என்னையே பார்த்தான். என்ன தப்பு என்று சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மூர்க்காரி எழுதுனதுல்ல? நாம ஆமான்னு இப்படி ஆட்டுனா, ஊர் உலகமே இல்லன்னுதானே நினைக்குது!" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினான்.

ஒரு வரியை மாற்றி இயந்திரத்தை ஓடவிட்டேன். முப்பதாவது நிமிடத்தில் அசென் வேண்டுமென்றே இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். நாற்பதாவது நிமிடத்தில் கினா அக்கா, "பெரிய பழத்துக்குப் பெட்டி பத்தல, கொண்டாங்கடி!" என்று அலறினாள்.

ஸ்தாமென் மெஷின் தரகரைப் போனில் கூப்பிட்டார். "இத்தாலி மெஷின் வேணாம்ப்பா. இங்கயே இருக்கு... யாரு செஞ்சதா? கியுஸ்தெந்தில்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. பேர எழுதிக்கோ."